புக்கிட் தீமா காட்டுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர்தான். பலருடைய முதல் தவறு இந்த எண்ணைப் பார்த்ததுமே தொடங்கிவிடுகிறது. ‘இவ்வளவுதானே’ என்று ரப்பர் செருப்போடு, கையில் தண்ணீர்கூட இல்லாமல் வந்து நிற்கிறார்கள். உச்சிக்குப் போகும் தார்ச் சாலையோ தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறுகிறது. மரங்களுக்குள் காற்று அசையாது. ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, உடம்புச் சூடும் தணியாது. ஆளுக்கு ஒரு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள், பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிளாஸ்டிக் பை. அதன் சரசரப்பு கேட்டாலே நீண்டவால் குரங்குகள் திரும்பிப் பார்க்கும். பை என்றால் சாப்பாடு என்று அவற்றுக்குப் பழக்கியது நாம்தான். உணவை முதுகுப்பைக்குள் வைத்து மூடுங்கள். குரங்கு பல்லைக் காட்டினால் கண்ணை நேராகப் பார்க்காமல், ஓடாமல், மெல்லப் பின்வாங்குங்கள். பாவம் என்று ஒரு பழம்கூடக் கொடுக்காதீர்கள். வனவிலங்குக்கு உணவளித்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

என்னை ஆக வருத்துவது சேற்றைச் சுற்றிப் போகும் பழக்கம். மழைக்கு மறுநாள் பாதை நடுவே சேறு தேங்கியிருக்கும். காலணி அழுக்காகும் என்று ஓரத்து இலைச்சருகின் மேல் காலை வைப்பார்கள். ஒருவர் போனால் தெரியாது. சனிக்கிழமை காலை நூறு பேர் அப்படிப் போனால் அந்த ஓரமே பாதையாகிவிடுகிறது. மிதிபட்ட மண் இறுகி, நீரை உறிஞ்சாமல் போகிறது. அடுத்த மழையில் தண்ணீர் அதன்மேல் வழிந்தோடி மண்ணை அரித்துச் செல்கிறது. பாதையோரத்து மரம் ஒன்றின் அடியில் குனிந்து பாருங்கள். வேரின் தோல் தேய்ந்து, உள்ளே வெளிறிய கட்டை தெரியும். பக்கத்தில் விரல் உயரக் கன்று ஒன்று மிதிபட்டுச் சாய்ந்து கிடக்கும். 2014 செப்டம்பரில் சரிவுகளையும் பாதைகளையும் சீரமைப்பதற்காக இந்தக் காட்டை மூடினார்கள். முழுமையாகத் திறக்க 2016 அக்டோபர் ஆனது. வெறும் 163 ஹெக்டேர் காடு இது, ஒதுங்கிப் போக இதில் இடமில்லை. சேற்றிலேயே நடந்து போங்கள், காலணியை வீட்டில் கழுவிக்கொள்ளலாம்.

சைக்கிளோட்டிகளுக்குக் காட்டைச் சுற்றி ஏறத்தாழ 6 கிலோமீட்டர் பாதை தனியாக இருக்கிறது. நடைபாதையில் ஓட்ட அனுமதி இல்லை. இரண்டு பாதைகளும் குறுக்கிடும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். நடப்பவர்களும் அங்கே காதிலிருந்து இயர்ஃபோனைக் கழற்றிவிடுங்கள்.

இறக்கத்தில் ஈரமான வேரைப் பார்த்ததும் பயந்து முன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பார்கள். சக்கரம் வழுக்கி ஆள் விழுவது அந்த நொடியில்தான். வேருக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வேரின் மேல் பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள். கருங்கல் பாறைகளுக்கும் இதே முறைதான். இன்னும் கை பழகவில்லை என்றால் முதலில் செஸ்நட் இயற்கைப் பூங்காவுக்குப் போய்ப் பழகுங்கள். 81 ஹெக்டேர் பரப்பு, நடப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் தனித்தனிப் பாதைகள்.

இடி கேட்டால், ‘இன்னும் கொஞ்சம்தானே, உச்சியைத் தொட்டுவிட்டு வரலாம்’ என்று ஏறாதீர்கள். உடனே இறங்குங்கள், மரத்தடியில் ஒதுங்கவும் வேண்டாம்.

காட்டின் திறப்பு நேரம் காலை 7 முதல் மாலை 7 வரை. ஏழு வரை வெளிச்சம் இருக்கும் என்று நம்பி மாலையில் ஏறுபவர்கள் உண்டு. சாலையில் வெயில் அடிக்கும்போதே மரங்களுக்கடியில் இருட்டத் தொடங்கிவிடும். ஆறரைக்கெல்லாம் வேர் எது, நிழல் எது என்று பிரித்தறிய முடியாது. ஐந்தரைக்குள் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கிவிடுங்கள்.