ஏழு சர்வர் க்ரானையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் ஆபீஸ். ஹார்பருக்குப் போய்வரும் கன்டெய்னர் கணக்கு முழுக்க ஏழு சர்வர்களில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தனித்தனி க்ரான், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி. எது ஓடியது, எது நின்றது என்று பார்க்க ஏழு தடவை உள்ளே நுழைய வேண்டும். போன மாதம் எல்லாவற்றையும் ஒரே திரைக்குக் கொண்டுவந்தேன். லினக்ஸும் எஸ்எஸ்எச்சும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

மென்பொருளைத் தேடும் முன் ஒரு நோட்டு எடுங்கள். எந்த வேலை, எந்த யூசர், எத்தனை மணிக்கு, எது முடிந்தபின் எது என்று சர்வர் வாரியாக எழுதுங்கள். ரூட்டின் க்ரான்டேப்போடு (அந்த யூசரின் க்ரான் பட்டியல்) நிறுத்தாமல் மற்ற யூசர்களுடையதையும் பாருங்கள்.

அப்புறம் டைம்சோனுக்கு ஒரு கட்டம் போடுங்கள். நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். எங்கள் சர்வர்களில் மூன்று யுடிசியில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) இருந்தன. இரவு 2 மணி பேக்கப் அவற்றில் நம் நேரப்படி காலை 7.30-க்கு ஓடியிருக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரிகள் வரிசை கட்டும் நேரம் அது. கேட் பாஸ் திரை சுற்றிக்கொண்டே நிற்கும், டிரைவர்கள் பேப்பரை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். நம் நேரத்தில் இருந்த இன்னொரு சர்வரோ சரியாக 3 மணிக்கு, முந்தின நாள் பேக்கப்பை வைத்து ரிப்போர்ட் அனுப்பிவிடும். எந்த எரரும் வராது. ஆகவே வேலைக்கு வேலை டைம்சோன் குறிக்க முடிகிற மென்பொருளாகப் பாருங்கள். பேக்கப் முடிந்தால்தான் ரிப்போர்ட் என்று கோர்த்துவிடுங்கள். மணி பார்த்து இடைவெளி விடுவதை நம்பாதீர்கள்.

என் தேர்வு ரன்டெக். எஸ்எஸ்எச் வழியாகவே போவதால் மற்ற சர்வர்களில் ஏஜென்ட் (ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் துணை மென்பொருள்) எதுவும் போட வேண்டாம். ஜென்கின்ஸ் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும், ஆனால் அதன் ஏஜென்ட்டுக்கு ஜாவா வேண்டும். ஏர்ஃப்ளோ 2014-இல் ஏர்பிஎன்பியில் பிறந்தது; டேட்டா பைப்லைனுக்கு அருமை, வெறும் பேக்கப்புக்கு அவ்வளவு பாரம் தேவையில்லை. நாலைந்து சர்வர்தான் என்றால் க்ரானிக்கிள் போதும்.

எதைப் போட்டாலும் முதலில் ஒரு வேலையை வேண்டுமென்றே தோற்கடித்து, மெயில் வருகிறதா என்று பாருங்கள். வந்தபின் பழைய க்ரான் வரிகளை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒரே ரிப்போர்ட் இரண்டு தடவை போகும்.

பின்சேர்க்கை: ரன்டெக்கில் எஸ்எஸ்எச் சாவி போட்டும் உள்ளே விடவில்லை என்று மாதவரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டார். 2018-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் (சாவியை உருவாக்கும் எஸ்எஸ்எச் மென்பொருள்) 7.8 முதல் சாவி புது வடிவத்தில் உருவாகிறது. ரன்டெக்கின் பழைய பதிப்புகளுக்கு அது புரியாது. பெம் என்ற பழைய வடிவத்தில் ஆர்எஸ்ஏ வகைச் சாவி போடச் சொன்னேன், நுழைந்துவிட்டது.