நின்றே கெடும் விமானம்: சொந்தமாகச் சிறிய விமானம் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒற்றை பிஸ்டன் இஞ்சின் விமானத்தைப் புதிதாக வாங்கியவருக்கு முதலில் வரும் பயம், அதிகம் ஓட்டினால் இஞ்சின் தேய்ந்துவிடுமோ என்பதுதான். அதனால் விமானத்தைத் துடைத்து, உறை போட்டு, விமானக் கொட்டகையான ஹேங்கரில் பத்திரமாக நிறுத்தி வைக்கிறார். மாதங்கள் ஓடுகின்றன. பிறகு ஒரு நாள் ஆயில் ஃபில்டரில் இரும்புத் துகள்கள் தென்படுகின்றன. பயிற்சிப் பள்ளிகளில் கற்றுக்குட்டிகளிடம் நாள் முழுக்க அடிவாங்கும் விமானங்களின் இஞ்சின்கள் 2000 மணி நேரத்தைச் சாதாரணமாக எட்டும்போது, சீராட்டி வைத்த சொந்த விமானத்தின் இஞ்சினைப் பாதியிலேயே பிரிக்க வேண்டியிருக்கிறது. சிறிய விமான இஞ்சின்களைத் தயாரிக்கும் லைகமிங் நிறுவனம், தன் இஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்க மணிக்கணக்கோடு 12 ஆண்டு என்ற காலக்கணக்கையும் சேர்த்தே சொல்வது சும்மா இல்லை.

காரணம் இஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. லைகமிங் இஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது தெறிக்கும் ஆயில்தான் அதை நனைக்கும். நிறுத்தியபின் அந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வடிந்துவிடும். இரவில் குளிர்ந்து பகலில் சூடாகும் காற்றின் ஈரம், ஆயில் வடிந்த உலோகத்தின் மேல் படிந்து துருவாகிறது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துரு உப்புத்தாள் போலத் தேய்க்கும். கேம்ஷாஃப்டிலுள்ள முகட்டின் கெட்டியான மேற்பரப்பு பெயர ஆரம்பித்தால், இஞ்சின் உறையையே பிளந்துதான் சரிசெய்ய முடியும்.

"பறக்க நேரமில்லை, ஆனால் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விட்டுவிடுவேன்" என்று பலர் பெருமையாகவே சொல்வார்கள். நல்ல மனசோடு செய்கிற காரியம்தான், ஆனால் இஞ்சினுக்கு இதைவிடக் கெடுதல் அதிகமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். அது ஆவியாகி வெளியேற ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும், தரையில் பத்து நிமிடத்தில் அந்தச் சூடு வராது. துரு பிடிக்கும் என்று பயந்தவர், கையால் தண்ணீர் ஊற்றியது போலத்தான். லைகமிங் சொல்லும் அளவுகோல் இது: 30 நாளுக்கு ஒருமுறையாவது, ஆயில் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஒரு மணி நேரம் தொடர்ச்சியாகப் பறக்க வேண்டும். முடியாதென்றால் துருத்தடுப்பு ஆயில் ஊற்றி, சிலிண்டர்களில் ஈரம் உறிஞ்சும் பிளக்குகளைச் செருகி, முறையாக உறங்க வைத்துவிடுங்கள். அரைகுறையாக எழுப்பி எழுப்பிப் படுக்க வைக்காதீர்கள்.

"ஆயில் பரவட்டும்" என்று ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றி விடுவதும் வேண்டாம். அது மிச்சமிருக்கும் ஆயில் படலத்தையும் வழித்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னீட்டோவில் இருக்கிறது. சாவியை அணைத்தால் மேக்னீட்டோவைத் தரையோடு இணைத்து வாயடைப்பது ஒரே ஒரு கம்பி. அது அறுந்திருந்தால், சாவி உங்கள் பையில் இருக்கும்போதே ப்ரொப்பல்லரைச் சுற்றியதும் இஞ்சின் ஓட ஆரம்பித்துவிடலாம். எந்த ப்ரொப்பல்லரையும் உயிருள்ளதாகவே நினைத்துத் தொடுங்கள்.

ஆயிலும் எரிபொருளும்

முழு ஃபில்டர் உள்ள இஞ்சினுக்கு 50 மணி நேரம், வெறும் சல்லடை மட்டும் உள்ளதற்கு 25 மணி நேரம் என்று ஆயில் மாற்றும் கணக்கை எல்லோரும் சொல்வார்கள். அதோடு வரும் "அல்லது நான்கு மாதம், எது முந்தியோ அது" என்ற பாதியை மறந்துவிடுவார்கள். குறைவாகப் பறப்பவருக்கு அந்தப் பாதிதான் முக்கியம், ஏனென்றால் பழைய ஆயிலில் ஈரமும் அமிலமும் தேங்கியிருக்கும். கழற்றிய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளை விரித்துப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள். ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் இரும்பு எது, அலுமினியம் எது என்று பிரிந்துவிடும். இஞ்சின் கெடப் போவதை இவ்வளவு சீக்கிரம் சொல்லும் சாட்சி வேறில்லை. அளவுக் குச்சியின் உச்சிவரை ஆயில் நிரப்பும் பழக்கமும் உண்டு. எட்டு குவார்ட் (சுமார் 7.5 லிட்டர்) கொள்ளும் இஞ்சினில் எட்டும் ஊற்றினால், மேலே இருக்கும் பங்கு மூச்சுக்குழாய் வழியாக வெளியேறி விமானத்தின் அடிவயிற்றில் அப்பிக்கொள்ளும். உரிமையாளர் "ஆயில் குடிக்கிறது" என்று கவலைப்பட்டு மறுபடி ஊற்றுவார். கையேட்டின் குறைந்தபட்சத்துக்கு மேல், உங்கள் இஞ்சின் எந்த அளவில் நிலைத்து நிற்கிறது என்று சில பயணங்களுக்குக் குறித்துவைத்தால் விடை கிடைத்துவிடும்.

எரிபொருளில் தண்ணீர் பார்ப்பதை எல்லோரும் கற்றிருக்கிறோம், ஆனால் பார்க்கும் விதத்தில் தவறு நடக்கிறது. குப்பியில் பிடித்த மாதிரி தெளிவாக, ஒரே சீராக இருந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். குப்பி முழுவதும் தண்ணீராகவே இருந்தாலும் அது தெளிவாக, ஒரே சீராகத்தான் இருக்கும்! இந்த விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோல் வெளிர் நீலம். அந்த நீலத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்துக் கண்ணால் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பழைய செஸ்னாக்களில் டேங்க் மூடி இறக்கையின் மேல்பரப்போடு படிந்திருக்கும். அதன் ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் ஒரு மழையே போதும். செஸ்னா 172எஸ் விமானத்தில் எரிபொருள் மாதிரி எடுக்கும் இடங்கள் மொத்தம் 13. அத்தனையும் குனிந்து பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனால் தண்ணீர் எந்த மூலையில் போய் ஒதுங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் அத்தனை வைத்திருக்கிறார்கள்.

எரிபொருள் முள்ளை நம்பிப் புறப்படாதீர்கள். குச்சி விட்டு அளந்து, கடிகாரத்தோடு கணக்கிடுங்கள். பைப்பர் செரோக்கி போல இடது, வலது டேங்குகளைக் கையால் மாற்ற வேண்டிய விமானங்களில், ஒரு டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும்போதே இஞ்சின் நின்று தரையிறங்கியவர்கள் இருக்கிறார்கள். அரை மணிக்கு ஒருமுறை மாற்றுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

மிக்ஸ்சர், கார்புரேட்டர்

தரையில் விமானத்தை உருட்டிச் செல்லும்போது (டாக்ஸி) மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை மாற்றும் குமிழை, முழுக்க உள்ளே தள்ளியே வைத்திருப்பது பயிற்சிக் காலத்துப் பழக்கம். 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். இஞ்சின் குளிர்ந்த நிலையில், எரிபொருள் மிகுந்து ஓடும்போது அந்த ஈயம் கீழ்ப்பக்க ஸ்பார்க் பிளக்குகளில் மணிமணியாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மேக்னீட்டோ சோதனையில் இஞ்சின் தடதடக்கிறது என்று மெக்கானிக்கைத் தேடுவோம். தரையில் மிக்ஸ்சரைத் தாராளமாகக் குறையுங்கள். எவ்வளவு என்றால், மறந்துபோய், சக்தியைக் கூட்டும் த்ராட்டிலைத் திறந்தாலும் இஞ்சின் திணறி நினைவூட்டும் அளவுக்கு. கொஞ்சமாகக் குறைத்துவிட்டு மறப்பதுதான் ஆபத்து. அந்த நிலையில் விமானம் மேலெழும்பும், இஞ்சின் வெந்துபோகும். "5000 அடிக்குக் கீழே மிக்ஸ்சரைத் தொடாதே" என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். டர்போ இல்லாத தன் இஞ்சின்களை, 75 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ சக்தியில் சீராகப் பறக்கும்போது எந்த உயரத்திலும் குறைக்கலாம் என்கிறது லைகமிங்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பனி படிவதைக் குளிர்காலச் சங்கதி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகலில் நுழையும்போதும் வெப்பம் இருபது, முப்பது டிகிரி சரியும். ஆகவே ஈரமான இதமான நாளில்தான் இது நன்றாகப் படியும். இதழ்களின் கோணம் மாறாத ப்ரொப்பல்லர் உள்ள விமானத்தில் இஞ்சினின் சுழற்சி வேகம் (ஆர்.பி.எம்.) காரணமில்லாமல் மெல்ல இறங்கும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் சூட்டுக் குமிழை இழுத்ததும் உருகிய தண்ணீர் உள்ளே போய் இஞ்சின் முதலில் இன்னும் மோசமாக இருமும். பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. முழுக்க இழுத்து வைத்து, பொறுத்திருங்கள்.

பட்டறையிலிருந்து வந்த விமானம்

இதுதான் நான் அதிகம் வலியுறுத்த நினைப்பது. பராமரிப்பு முடிந்து வரும் விமானம் மற்ற நாட்களைவிடப் பத்திரமானது என்று நம்புகிறோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவுக்காக சி. எச். வாடிங்டன் என்ற உயிரியலாளர் பழுதுக் கணக்குகளை ஆராய்ந்தார். 50 மணி நேரச் சோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் உச்சத்தில் இருந்தன, பறக்கப் பறக்கக் குறைந்தன. நன்றாக ஓடுவதைக் கழற்றி மாட்டும் கைகளே கோளாறையும் கொண்டுவந்தன. ஆகவே "எதற்கும் இருக்கட்டும்" என்று சிலிண்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்குவதைக் காட்டும் கம்ப்ரஷன் எண் ஒன்று குறைந்தால், இன்னும் சில மணி நேரம் பறந்து மறுபடி அளக்கலாமா, உள்ளே நுழையும் சிறு கேமராவான போரோஸ்கோப்பை விட்டு வால்வைப் பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள். சிலிண்டர் போல்ட்டுகளைத் தவறான இறுக்கத்தில் மாட்டியதால், உள்ளே பேரிங் நகர்ந்து பறக்கும்போதே இஞ்சின் உடைந்த சம்பவங்கள் உண்டு.

2018 நவம்பரில் போர்ச்சுகலில் பெரும் பராமரிப்பு முடிந்து கிளம்பிய, கஜகஸ்தான் நிறுவனமான ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் ஜெட், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்களான அய்லிரான்களின் கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருந்ததால் வானில் கட்டுக்கடங்காமல் தவித்து, பிறகுதான் பேஜா தளத்தில் இறங்கியது. அத்தனை பேர் கையெழுத்துப் போட்ட விமானத்திலேயே இது நடந்தது என்றால், ஒரே மெக்கானிக் வேலை செய்த நம் விமானத்தை நாம்தான் பார்த்தாக வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்து இரு கட்டைவிரல்களையும் மேல்நோக்கி வையுங்கள். திருப்பும்போது அவை எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்க அய்லிரான் மேலே எழ வேண்டும். அசைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, சரியான திசையில் அசைகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கில் கைவிசையைக் குறைக்கும் ட்ரிம்மையும் அப்படியே. முதல் பறப்பு பகலில், தனியாக, விமான நிலையத்தின் மேலேயே சுற்றுவதாக இருக்கட்டும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பயணம் கிளம்பும் நாள் அதுவல்ல.

நிறுத்தியிருக்கும்போது அய்லிரான் போன்ற மடல்கள் அசையாமல் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பூட்டைக் கழற்ற மறப்பதும் இதே வகைதான். 1935 அக்டோபர் 30 அன்று போயிங் மாடல் 299 விழுந்தது அந்த ஒரு மறதியால். செக்லிஸ்ட் என்ற வழக்கமே அதன்பிறகுதான் வேரூன்றியது. விமானத்தைக் கழுவும்போது, உயரமும் வேகமும் காட்டும் கருவிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தரும் ஸ்டாட்டிக் துளைகளை டேப் போட்டு மூடினால், தூரத்திலிருந்தே கண்ணில் படும் நிறத்தில் மூடுங்கள். 1996 இல் ஏரோபெரு நிறுவனத்தின் 603 எண் பயணிகள் விமானம் கடலில் விழுந்து 70 பேர் இறந்ததற்குக் காரணம், கழுவியபின் உரிக்காமல் விட்ட டேப்.

கேபினைச் சூடாக்கும் காற்று, சைலன்சரைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வருகிறது. சைலன்சரில் ஒரு விரிசல் விட்டாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே தெரியாது. நிறம் மாறும் அட்டையை நம்பாமல், ஒலி எழுப்பும் கருவியாக வாங்கி வையுங்கள்.

கடைசியாக பேட்டரி. விமானத்தின் மின்சாரம் முழுவதையும் இணைக்கும் மாஸ்டர் சுவிட்சை அணைக்க மறப்பது எல்லோருக்கும் நடக்கும். சுழல்விளக்கின் சுவிட்சை எப்போதும் போட்டபடியே விட்டுவிடுங்கள், இறங்கி நடக்கும்போது விளக்கு மின்னினால் மறந்தது தெரிந்துவிடும். அப்படியும் பேட்டரி செத்துவிட்டால், வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்து உடனே கிளம்பாதீர்கள். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மேலே நின்றுபோனால் தாங்குவதற்கு அந்தப் பேட்டரியில் ஒன்றும் இருக்காது. கழற்றி, சார்ஜ் ஏற்றி, மறுநாள் பறக்கலாம்.