முகநரம்பு வலியோடு ஈறு நோயைச் சமாளித்த என் அனுபவம்

ஆரல்வாய்மொழிக் காற்று கன்னத்தில் பட்டாலே சுரீரென்று வெட்டியிழுக்கும் டிரைஜெமினல் நியூரால்ஜியா என்ற முகநரம்பு வலிக்குக் கார்பமசெபின் மாத்திரை சாப்பிட்டுவரும் எனக்கு, வலதுபக்கக் கீழ் ஈறு வீங்கி இரத்தம் கசியத் தொடங்கியது. வலிக்கும் பக்கத்தைத் துலக்க முடியாமல் போவதால் அழுக்குப் படலம் பற்காரையாக இறுகி ஈறுகளைப் புண்ணாக்குகிறது என்றும், அந்த மாத்திரை சிலருக்கு வாயை உலரவைப்பதும் கிருமிகளுக்குச் சாதகம் என்றும் நாகர்கோவில் பல் மருத்துவர் விளக்கினார். குளிர்நீர் பீய்ச்சும் கருவியைத் தவிர்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, கைக்கருவியாலேயே பொறுமையாகக் காரையை எடுத்தார். அந்தப் பொறுமைக்கு நான் என்றும் நன்றியுடையேன். இப்போது மாத்திரை நன்கு வேலைசெய்யும் நேரத்தில், வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்மையான பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் துலக்குகிறேன். கசிவு நின்றுவிட்டது. நரம்பு வலி தீரவில்லை. பெரும்பாலும் மூளைத்தண்டின் அருகே இரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதே அதற்குக் காரணம் என்பதால், பல்வலி என்றெண்ணி நல்ல பல்லைப் பிடுங்குமுன் நரம்பியல் மருத்துவரைக் காண வேண்டும்.