நரி கொள்ளு தின்னுமா? சிறுவர் மாயக்கதை எழுதுவோருக்குச் சில குறிப்புகள்

மதுரை ஆனைமலைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் சனிக்கிழமை மாலைகளில் சிறுவர்களுக்குக் கதை சொல்லி வருகிறேன். ஒரு நாள் நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைச் சொன்னேன். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டுவிட, இறைவன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். இரவானதும் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. சொல்லி முடித்ததும் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒருவன் கேட்டான்: "அண்ணே, நரி கொள்ளு தின்னாதுல்ல? அப்ப சாயங்காலம் கொள்ளு வச்சப்பவே லாயத்துல இருந்தவுகளுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

கொள்ளை நரி தொடுமோ தொடாதோ, அது வேறு விஷயம். கரும்பையும் நிலக்கடலையையும் அது விட்டுவைப்பதில்லை என்று விவசாயிகள் சொல்வார்கள். ஆனால் நரி குதிரையாக மாறியதை அந்தப் பையன் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டான் என்பதையும், மாறிய குதிரை என்ன தின்றது என்பதில்தான் அவனுக்குச் சந்தேகம் வந்தது என்பதையும் கவனியுங்கள். பத்து முதல் பதினான்கு வயது வரையிலான வாசகர்களை மிகுபுனைவு, அதாவது மாயக்கதை, ஏன் இழுத்துப் பிடிக்கிறது என்பதற்கான விடை இதில் இருக்கிறது. எந்த அதிசயத்தையும் நம்பத் தயாராக வரும் அவர்கள், நம்பிய பிறகு அதன் கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.

ஆகவே கதாநாயகனைத் தேடும்போது வீரனைத் தேடாமல், முதலில் கவனிப்பவனைத் தேடுங்கள். பெரியவர்கள் பார்த்தும் பார்க்காமல் போனதைச் சிறுவன் பார்க்கிறான், சொல்கிறான், யாரும் நம்பவில்லை. தன் பேச்சு எடுபடாத வீட்டில் வளரும் எந்தப் பிள்ளைக்கும் இந்த நிலை பழகியது. மாயக்கதைகளின் கவர்ச்சியில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அந்தப் பையனின் கேள்வியிலிருந்தே ஒரு கதையைத் தொடங்கிப் பார்த்தேன்:

"லாயத்தின் கடைசித் தொட்டியில் கொள்ளு வைத்தது வைத்தபடி இருந்தது. பொன்னன் ஒரு பிடி அள்ளி முகர்ந்தான், புளிக்கவில்லை. அடுத்த தொட்டியும் அப்படியே. பன்னிரண்டாம் தொட்டிக்கு வந்தபோது அங்கே நின்ற குதிரை தலையைத் திருப்பியது. அது பார்த்தது அவனை அல்ல. உத்தரத்தில் அடைந்திருந்த கோழியை."

இந்தப் பத்தியில் மந்திரம் என்ற சொல்லே வரவில்லை. தொட்டியும் கொள்ளும் கோழியும் வாசகருக்குத் தெரிந்தவை. குதிரையின் பார்வை ஒன்றுதான் பிசகியிருக்கிறது. முதல் அதிசயத்தை இப்படி ஓர் அன்றாட வேலையின் நடுவே, தெரிந்த இடத்தில் வையுங்கள். அதற்கு மதுரைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆனைமலை, நாகமலை, பசுமலை மூன்றுமே மதுரையை அழிக்க ஏவப்பட்டு வீழ்ந்த மாய விலங்குகள் என்று புராணம் சொல்கிறது. அம்மலைகளைப் பள்ளிக்குப் போகும் பேருந்தின் சன்னல் வழியாகப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். பனி மூடிய கோட்டையை ஒரு பக்கம் வர்ணித்துப் பெற வேண்டிய நம்பிக்கையை, ஆனைமலை அடிவாரத்து ஒத்தக்கடையில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒரு வரியில் பெற்றுவிடலாம்.

அடுத்தது விதி, இதைத்தான் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். என் முதல் கதையில் ஒரு சிறுமிக்குக் கேட்டதையெல்லாம் தரும் மோதிரம் கிடைத்தது. நான்காம் அத்தியாயத்தில் அவள் கண்மாயில் மூழ்கும் காட்சியை நான் உருக்கமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அதான் மோதிரம் இருக்குல்ல, பெறகு என்ன?" என்று கேட்டுவிட்டுத் தன் பாவாடை நூலைப் பிரிக்கத் தொடங்கினாள். நாற்பது பக்கங்களைத் தூக்கிப் போட்டேன். எல்லாம் செய்யும் மந்திரத்தால் கதைக்கு ஒரு பயனும் இல்லை.

எழுத உட்காரும் முன் தனித்தாளில் நான்கு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த மந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, எப்போது செய்யும், பதிலுக்கு எதைக் கேட்கும். பொன்னன் கதைக்கு நான் எழுதியவை இவை. வெளிச்சம் இருக்கும்வரை அவை குதிரைகள். இருட்டில் நரிகள். விளக்கொளி பட்டாலும் குதிரையாகவே நிற்கும். விளக்குக்கு எண்ணெய் வேண்டும். இந்தக் கடைசி வரிதான் கதையை நடத்துகிறது. வீட்டில் இருப்பதோ, தங்கையின் காதுகுத்துக்காக அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த ஒரு குடம் நல்லெண்ணெய். அதை எடுத்தால் பழைய குதிரைகள் பிழைக்கும். எடுத்தால் அம்மாவிடம் திருடனாவான். எடுத்தாலும் விடியும்வரை போதுமா என்று தெரியாது. ஆயுளில் பத்து ஆண்டு போகும் என்பது போன்ற விலைகள் பதினொரு வயதுப் பிள்ளைக்கு உறைப்பதில்லை. அம்மாவின் முகம் உறைக்கும்.

விதியை நெருக்கடிக்கு வெகு முன்பே வாசகரிடம் சொல்லிவிட வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் முன், பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும் பட்டு எந்த நிறம் என்று கூட்டமே காத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் முன்பே தெரிந்திருப்பதால்தான், கை பெட்டிக்குள் போகும் அந்தக் கணத்துக்கு அத்தனை கனம். நிறத்தின் பொருளைப் பட்டை எடுத்த பிறகு அறிவித்தால் யார் காத்திருப்பார்கள்?

பெரியவர்களை விலக்கி வைப்பது எப்படி என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். முதல் அத்தியாயத்திலேயே தாய் தந்தையைக் கொன்றுவிடுவது சோம்பேறித்தனம். அந்தத் துக்கத்தைப் பிறகு யாரும் ஒழுங்காக எழுதுவதும் இல்லை. நடவுக்காலம், மில்லில் இரவு ஷிஃப்ட், வெளியூர்க் கல்யாணம், திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன விரல் என நம் ஊர் வாழ்க்கையே ஒரு பிள்ளையை அரை நாள் தனியாக விட்டுவிடும். அரை நாள் போதும்.

பெயர்களில் கவனமாக இருங்கள். எழுத்தொலியை முறுக்கி, வாயில் நுழையாத அந்நியப் பெயர்களை அடுக்கினால் உலகம் புதிதாகிவிடாது. பட்டி, குடி, ஏந்தல், மங்கலம் என்று முடியும் நம் ஊர்ப்பெயர்களுக்கு ஓர் உள்ளிலக்கணம் உண்டு. ஏந்தல் என்றால் அங்கே நீர் தேங்குமிடம் இருக்க வேண்டும். அதனால் "நிழலேந்தல்" என்று ஒரு மாய ஊருக்குப் பெயர் வைத்தால், தண்ணீர் தேங்குவது போல் அங்கே நிழல் தேங்குகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. சாப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். கதையை மறந்த பிள்ளைகள்கூட அதில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதை மறப்பதில்லை. என் அனுபவத்தில் போர்க்களத்தைவிடப் பருத்திப்பால் நீண்ட நாள் நினைவில் நிற்கிறது.

தோழர்கள் இருவர் போதும். தீயவனுக்கு ஒரு நியாயம் கொடுங்கள். பசித்த நரி கெட்டதல்ல, பசித்தது.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பாமல் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். ஆனால் பிடித்ததா என்று கேட்காதீர்கள், நம் பிள்ளைகள் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். வாசிக்கும்போதே ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்: எங்கே கண் மின்விசிறிக்குப் போனது, எங்கே காலாட்டுவது நின்றது, எங்கே குறுக்கே கேள்வி வந்தது. கண் போன இடத்தை வெட்டுங்கள். கால் நின்ற இடத்தைத் தொடாதீர்கள். கேள்வி வந்த இடத்தில் மட்டும் அவசரப்பட்டு விளக்கம் எழுதி அடைத்துவிட வேண்டாம். ஒரு வாரம் வைத்திருங்கள். கொள்ளுத் தொட்டியைப் பற்றிக் கேட்ட பையனுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை பொன்னனின் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். கோழி வரும் வரியில் அவன் பக்கத்திலிருந்தவனின் தொடையைக் கிள்ளினான்.