சித்தன்னவாசல் ஓவியங்களைக் கூட்டத்தோடு பார்க்கும் முறை

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கும் இந்தக் குன்றில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: ஓவியங்கள் உள்ள அறிவர் கோயில் என்ற குகைக்கோயில், மறுபக்கச் சரிவில் சமணத் துறவிகளின் கல் படுக்கைகள் உள்ள ஏழடிப்பாட்டம். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். அதனால் காலையிலேயே படுக்கைகளுக்கு ஏறிவிட்டு, பிறகு குகைக்கு வாருங்கள்.

குகையில் சிக்கலே இடம்தான். கருவறைக்கு முன்னால் உள்ள அர்த்த மண்டபத்தின் நீளம் சுமார் 22 அடி இருந்தாலும் ஆழம் ஏழரை அடிதான். இருபது பேர் நுழைந்தால் யாரும் எதையும் பார்க்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தால் வெளியே காத்திருங்கள். அழைத்து வரும் ஆசிரியர்கள் பத்துப் பத்துப் பேராக அனுப்பினால் நல்லது.

முதுகுப்பையைக் கழற்றிக் கையில், முன்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தாமரைத் தடாக ஓவியம் விதானத்தில், அதாவது மேற்கூரையில் இருப்பதால், அண்ணாந்து பார்த்தபடியே எல்லோரும் ஓரடி பின்னால் நகர்வார்கள். பின்னால் இருப்பது தூண். அதில்தான் ஆடல் மகளிரின் ஓவியம். பையின் ஜிப் ஒருமுறை உரசினாலே வண்ணம் பெயர்ந்துவிடும். அடியில் இருப்பது வெறும் சுண்ணச்சாந்துப் பூச்சு. விரல் வைத்துக் காட்டுவதும் அப்படித்தான், வியர்வையும் எண்ணெய்ப்பசையும் அங்கேயே தங்கிவிடும்.

உள்ளே வந்ததும் ஒன்றும் தெரியவில்லையே என்று பலர் உடனே திரும்பிவிடுகிறார்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள், கண் இருட்டுக்குப் பழகும். முதலில் தாமரை இலைகளின் பச்சை தெரியும், பிறகு மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். ஃபிளாஷ் வேண்டாம்; செல்போன் டார்ச்சையும் அடிக்காதீர்கள். காவலர் இருந்தால் கேளுங்கள், எங்கே பார்ப்பது என்று அவரே காட்டுவார். பார்த்து முடித்தவர்கள் ஓரமாக ஒதுங்கி அடுத்தவருக்கு இடம் விடுங்கள்.

கருவறையின் நடுவில் நின்று மெல்ல முனகினால் அறை முழுக்க ரீங்காரம் எழும். ஒருவர் ஒருமுறை செய்தால் போதும். எல்லோரும் சேர்ந்து கத்தினால் அது வெறும் இரைச்சல். தியானத்துக்கு வந்திருப்பவர்களுக்கும் தொல்லை.

ஏழடிப்பாட்டத்தில் 17 படுக்கைகள். தலையணைபோல் மேடிட்ட பகுதியைப் பார்த்தால் படுத்துப் பார்க்கத் தோன்றும். படுக்காதீர்கள். ஒரு படுக்கையில் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமி இருக்கிறது. அது தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்கவோ தண்ணீர் தெளிக்கவோ கூடாது. பக்கவாட்டில் குனிந்து, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பாருங்கள், வெட்டின் நிழல் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இங்கே பெயர் கிறுக்கியவர்கள் ஏராளம். தொல்சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாராவது கல்லைக் கையில் எடுப்பதைப் பார்த்தால் சண்டைக்குப் போகாமல் காவலரிடம் சொல்லுங்கள்.