பழைய பைபர் படகுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

இலங்கையின் வன்னிக் கரைகளில் பழைய படகு விற்பவர் பெரும்பாலும் ஒரே தொகையாகத்தான் சொல்வார்: படகு, எஞ்சின், வலை எல்லாம் சேர்த்து இவ்வளவு. அதிலிருந்து பேரம் பேசத் தொடங்கினால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது கடைசிவரை பிடிபடாது. ஒரு தாளில் படகு, எஞ்சின், மற்றச் சாமான் என்று மூன்றாகப் பிரித்து, தனித்தனியே விலை போட்டுக் கூட்டுங்கள்.

படி 1: கரையில் விசாரியுங்கள்

என்ன விலை கேட்கிறார்கள் என்பது முக்கியமில்லை. என்ன விலைக்குக் கைமாறியது என்பதுதான் வேண்டும். கடற்றொழிலாளர் சங்கத்தில் கேளுங்கள். எஞ்சின் திருத்துபவருக்கும் பைபர் ஒட்டுபவருக்கும் சங்கத்தைவிடக் கூடத் தெரிந்திருக்கும். அதே நீளப் படகு, அதே குதிரைவலு எஞ்சின் என்று மூன்று நான்கு விற்பனை கிடைத்தால் போதும்.

நீங்கள் தொழில் செய்யப்போகும் கரையிலேயே விசாரியுங்கள். கிழக்கே அளம்பில், நாயாறு பக்கம் அலை அடிக்கும் மணற்கரை. படகை இழுத்து ஏற்ற வேண்டும். மேற்கே விடத்தல்தீவு, நாச்சிக்குடா பக்கம் ஆழம் குறைந்த கடல். ஒரு பக்கத்தில் விலைபோகும் படகு மற்றப் பக்கத்தில் அதே விலைக்குப் போகாது.

விற்பவர் காட்டும் பழைய பற்றுச்சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. எஞ்சின் இறக்குமதிப் பொருள். அதற்கு முன் வாங்கியவர் வாங்கிய விலைக்கு மேலேயே கேட்டாலும் அது அநியாயம் என்று சொல்ல முடியாது. இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை என்பதை ஒரு கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உச்சவரம்பு.

படி 2: படகைத் தட்டிப் பாருங்கள்

புதுப் பெயின்ட் அடித்த பழைய படகென்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஒரு நாணயத்தாலோ சிறிய சுத்தியலின் பிடியாலோ அணியத்திலிருந்து பின்பக்கம் வரை சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். சத்தம் மந்தமாக விழுந்தால் உள்ளே பைபர் அடுக்குப் பிரிந்திருக்கலாம், தண்ணீர் ஊறியிருக்கலாம். சிறு கொப்புளங்கள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். மணலில் இழுபட்ட படகின் ஏராவில், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகில், நார் வெளியே தெரிந்தால் ஒட்டுவேலை நிச்சயம்.

அதிக கவனம் எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு. பல படகுகளில் பைபருக்குள் ஒட்டுப்பலகைதான் இருக்கும். போல்ட் ஓட்டை வழியே நீர் இறங்கினால் அது உள்ளேயே உக்கிவிடும். எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகை சேர்ந்து ஆடினாலோ மூலைகளில் வெடிப்பு இருந்தாலோ திருத்தச் செலவை உடனே குறித்துவிடுங்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியாகக் கிடைத்த படகுகளில் அவசரத்தில் செய்த, தரம் குறைந்தவையும் இருந்தன. அந்தக் காலத்துப் படகென்றால் இந்தச் சோதனையை இரண்டு தடவை செய்யலாம்.

படி 3: எஞ்சின்

போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “அண்ணை, நான் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.” போனதும் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுவையில் பிடிக்கிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். ஓடும்போது பக்கத்துத் துளையால் தண்ணீர் சீராகப் பீச்ச வேண்டும். கியர் ஓயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே உப்புத்தண்ணீர் போயிருக்கிறது. திருத்துபவர் ஒருவரைக் கூட்டிப்போய் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரிய வேலை காத்திருக்கலாம்.

மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் பிடிக்க வைத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாற்றிய பிறகும் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு குடிக்கிறது என்றும் கேளுங்கள்: 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனதை அனுபவித்தவர்கள், அதிகம் குடிக்கும் எஞ்சினுக்கு நல்ல விலை கொடுக்கத் தயங்குவார்கள்.

படி 4: கணக்கு

எண்கள் ஒரு பேச்சுக்குத்தான். அதேபோன்ற வெறும்படகு 2 இலட்சத்துக்கும், எஞ்சின் 3 இலட்சத்துக்கும் கைமாறியிருக்கின்றன. மொத்தம் 5 இலட்சம். பின்பலகை திருத்த 40,000, எஞ்சினின் தண்ணீர்ப் பம்ப் வேலைக்கு 15,000. மிச்சம் 4,45,000. 50,000 ரூபாய் வலையும் சேர்த்துத் தருகிறார். உங்களுக்கு அந்த வலை தேவை என்றால் மட்டும் கூட்டுங்கள். கழிக்கும்போது விற்பவரிடமும் காட்டிக் கழியுங்கள், கோபம் வராது. வலை வேண்டாமென்றால் 4,20,000 இல் பேச்சைத் தொடங்கலாம். முல்லைத்தீவுப் பக்கம் வாடை அடித்துக் கடலுக்குப் போக முடியாத மாதங்களில் வாங்க வருபவர் குறைவு. இன்னும் கொஞ்சம் இறங்கக்கூடும்.

படி 5: தாள்

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டப்படி மீன்பிடிப் படகு பதிவாகியிருக்க வேண்டும். படகில் எழுதிய இலக்கமும் பதிவுத் தாளில் உள்ளதும் ஒன்றா, தாளில் யார் பெயர் என்று பாருங்கள். எஞ்சின் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்; அது சுரண்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும். உதவித் திட்டத்தில் வந்த படகென்றால் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா, சங்கக் கடனோ லீசிங்கோ பாக்கியிருக்கிறதா என்று சங்கத்திலேயே கேளுங்கள். முற்பணம் மட்டும் கொடுத்து எழுதி வாங்குங்கள். மிச்சக் காசு கடற்றொழில் திணைக்களத்தில் பெயர் மாறும் அன்றைக்கு.