பழைய சி கோடை ஜீசிசியில் ஓட்டுவது: ‘ட்ரெடிஷனல்’ மட்டும் போதாது

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ கம்பஸ் லாப்பில் 80களின் சி கோட் ஒன்று கைக்கு வந்தால் பலரும் ஜீசிசி என்ற சி கொம்பைலரில் முதலில் போட்டுப் பார்ப்பது ‘-ட்ரெடிஷனல்’ ஒப்ஷன். ‘-ஈ இல்லாமல் அது இனிச் செல்லாது’ என்று ஜீசிசி அங்கேயே நின்றுவிடும். ஒருகாலத்தில் அந்த ஒப்ஷன் கொம்பைலர் முழுவதையும் பழைய மாதிரி நடக்க வைக்கப் பார்த்தது. இன்று அது பிரிபுரொசசருக்கு, அதாவது கொம்பைலுக்கு முன் # வரிகளையும் மக்ரோக்களையும் விரிக்கும் பகுதிக்கு மட்டும்தான்; ‘-ஈ’ அந்தப் பகுதியை மட்டும் ஓட்டும்.

முதலில் ‘ஜீசிசி --வேர்ஷன்’ பாருங்கள். உபுண்டு 24.04இல் இருப்பது ஜீசிசி 13; அறிவிக்காத ஃபங்ஷனுக்கு வோர்னிங் தந்து விட்டுவிடும். டெபியன் 13இல் இருக்கும் 14 அதையே எரர் ஆக்கும். ‘-எஸ்டிடி=ஜிஎன்யு89 -வோல்’ சேர்த்தால் அறிவிக்காத ஃபங்ஷன், எழுதாமல் விட்ட இன்ட், அடைப்புக்குறிக்கு வெளியே வகை சொல்லும் பழைய வரையறை எல்லாம் ஏறும். ஆனால் வோர்னிங்கை விட்டுவிடாதீர்கள். வேறு பைலில் பொயின்டர் திருப்பும் ஃபங்ஷனை அறிவிக்காமல் அழைத்தால் கொம்பைலர் அதை இன்ட் என்றே எடுக்கும். 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டு, ஓடும்போது செக்மென்டேஷன் ஃபோல்ட்: செல்லாத முகவரியைத் தொட்டு புரோகிராம் விழும். மேலே ஒரு வரி அறிவிப்பு எழுதினால் தீரும்.

மக்ரோவில் சிக்கினால் ‘-ட்ரெடிஷனல்-சிபிபி’, அதுவும் அந்த ஒரு பைலுக்கு மட்டும். மேற்கோளுக்குள் இருக்கும் மக்ரோ பராமீட்டரை அது மாற்றும். இரு சொல்லுக்கு நடுவில் வெற்றுக் கொமெண்ட் இருந்தால் இரண்டையும் ஒட்டிவிடும். ஆனால் இரு சொல்லை ஒட்டும் தரநிலைக் குறியான ## தெரியாது. வரியின் முதல் எழுத்தாக # இல்லாவிட்டால் கட்டளையாகவும் எடுக்காது.

மோசமானது சத்தமில்லாமல் மாறுவது. ஜிஎன்யு89 என்பது 1989 தரநிலையின் சி. கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் எழுதி வைத்த சி அல்ல. ‘க’ ஓர் அன்சைன்ட் ஷோர்ட் (மறை எண் இல்லாத சிறிய முழு எண்), மதிப்பு 1 என்று வையுங்கள். ‘க - 2 < 0’ பழைய யுனிக்ஸ் கொம்பைலர்களில் பொய்: கணக்கு அன்சைன்டாகவே நடந்து பெரிய எண் வரும். தரநிலைப்படி ‘க’ முதலில் இன்ட் ஆகும், விடை -1, ஆகவே உண்மை. இதைத் திருப்ப எந்த ஒப்ஷனும் இல்லை. எரரும் வராது, லூப் தான் தவறான இடத்தில் நிற்கும். அன்சைன்ட் சார், அன்சைன்ட் ஷோர்ட் கழித்தல்களைத் தேடிப் பிடித்து, முன்னால் (அன்சைன்ட்) என்று வகை மாற்றும் காஸ்ட் போடுவதுதான் வழி.

மேற்கோளுக்குள் கொடுத்த ஸ்ட்ரிங்கை ஓடும்போது மாற்றப் போய் விழும் புரோகிராமுக்கும் ஒப்ஷன் இல்லை. இருந்த ஒன்றை ஜீசிசி 4.0 எடுத்துவிட்டது. பொயின்டராக அறிவித்ததை அரே ஆக்குங்கள். 70களின் கோட் என்றால் ‘=-’ஐயும் தேடுங்கள்: ‘க =- 1’ அப்போது ஒன்றைக் கழிக்கும், இப்போது -1ஐ வைக்கும்.